யாழ்ப்பாணத்தில் தமிழ் வழக்கேடு. அட்டனில் ஏன் இல்லை?



யாழ்ப்பாண நீதிமன்றங்களில் வழக்கேடு தமிழில் எழுதப்படுகிறது. வழக்காளி தானே வாசித்துப் பார்க்கலாம். அட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் வேலை நீக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி தமிழில் சாட்சியம் சொல்கிறார்; அது சிங்களத்தில் ஏட்டில் ஏறுகிறது. தான் சொன்னதாக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

"சட்டம் அப்படித்தான்" என்று சொல்பவர்கள் சட்டத்தை முழுமையாக வாசிக்கட்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத கட்சிக்காரருக்கும் அவரது பிரதிநிதிக்கும் அரச செலவில் மொழிபெயர்ப்பு பெறும் உரிமையைத் தருகிறது. சட்டப்படி பெறக்கூடிய வழக்கேட்டின் பகுதியையும் தமிழில் கேட்டு வாங்கலாம். தொழில் பிணக்குகளைத் தீர்க்கும் நியாயசபைகளும் அந்த உறுப்புரையில் 'நீதிமன்றம்' என்ற சொல்லுக்குள் அடங்கும். அதற்கு மேல், அமைச்சரவையின் உடன்பாட்டுடன், வழக்கேட்டை இன்னொரு மொழியிலும் பேணும்படி நீதி அமைச்சர் பணிக்கலாம். ஒரு பணிப்புரை போதும். யாழ்ப்பாணத்தில் நாள்தோறும் நடக்கும் வேலையை மலையகத்தில் செய்ய முடியாது என்று யார் சொல்வது?

இது வெறும் மொழிப் பெருமை பற்றிய பேச்சல்ல. முந்திய தீர்ப்பைக் காட்டுபவருக்கே வழக்கில் பலம். கம்பனியின் சட்டத்தரணியிடம் அலுமாரி நிறையச் சட்ட அறிக்கைகள் உண்டு. தொழிலாளிக்காக நியாயசபையில் தோன்றும் சங்கப் பிரதிநிதியிடம் என்ன உண்டு? நியாயசபைக் கட்டளைகள் பதிவறைக் கோவைகளில் கிடக்கின்றன. வழக்கிலக்கம் தெரியாவிட்டால் தேடவும் வழியில்லை.

மேன்முறையீடு கொழும்புக்குப் போனதும் யாழ்ப்பாணத்தாருக்கும் இதே கதிதான். தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது. நம் மக்களின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்கள் செல்லும் என்று 1953இல் பிரிவுக் கவுன்சில் தீர்த்த கோடாகன்பிள்ளை வழக்கு, புதிய சட்ட அறிக்கைகளின் 54ஆம் தொகுதியில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்த தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்? 2024இல் 1,700 ரூபா சம்பள வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோதும், நம் சம்பளத்தின் கதியை நாம் செய்தியில் கேட்டே அறிந்தோம்.

நமது கோரிக்கைகள் மூன்று. மலையகத் தொழில் நியாயசபைகளின் வழக்கேடு தமிழிலும் பேணப்பட வேண்டும். நியாயசபைக் கட்டளைகள் பொருளட்டவணையுடன் இலவசமாக வெளியிடப்பட வேண்டும். தொழிலாளரைப் பாதிக்கும் மேல்மன்றத் தீர்ப்புகள் தமிழில் வர வேண்டும்.

அரசாங்கம் அசையும்வரை நாம் சும்மா இருக்கலாகாது. ஒவ்வொரு கிளையும் தான் நடத்திய வழக்கின் இலக்கத்தையும் திகதியையும் பதிந்து, கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற்று வைக்கட்டும். மொழிபெயர்ப்பை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் நியாயசபைகளையும் பகிரங்க அதிகாரசபைகளாகவே கொள்கிறது. அதையும் பயன்படுத்துங்கள்.

வாசிக்க முடியாத தீர்ப்பை எதிர்த்து ஒருவராலும் வாதாட முடியாது.