கடன்பட்டவன் கோர்ட்டைக் கண்டு ஓடலாமா?

நமது நாட்டில் கடன் வாங்குவதை ஒருவரும் அவமானமாக நினைப்பதில்லை. கலியாணத்துக்கும், கருமாதிக்கும், காதுகுத்துக்கும் கடன் வாங்கிச் செலவு செய்தவனை ஊரார் பெரிய மனிதன் என்றே கொண்டாடுகின்றார்கள். ஆனால், அதே மனிதன் அந்தக் கடனை மாதாமாதம் தவணையாகக் கொடுத்துத் தீர்க்க முயற்சிக்கும்போது கோர்ட்டிலிருந்து ஒரு சம்மன் வந்துவிட்டால் மாத்திரம், மானம் போய்விட்டதாகக் கருதிக் கதவைச் சாத்திக் கொள்ளுகின்றான். கடன் வாங்கும்போது வராத வெட்கம் கணக்குச் சொல்லும்போது வருவானேன் என்று நாம் கேட்கின்றோம்.

இந்த வெட்கத்தால் லாபம் யாருக்கு? பிரதிவாதி ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிடும். வாதி சொன்ன அசலும், வாதி சொன்ன வட்டியும் பெரும்பாலும் கேள்வி கேட்பாரின்றி அப்படியே டிக்ரியாகும். பாதிக் கடனைக் கட்டிய ரசீது பெட்டிக்குள் பத்திரமாக இருந்து என்ன பயன்? பேச வேண்டிய இடத்தில் பேசாத ரசீது வெறுங் காகிதந்தானே!

இனி, “எல்லாம் தலைவிதி, பூர்வஜென்மக் கடன்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1938-ல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முந்திய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை நின்ற வட்டி பூராவும் தள்ளப்பட்டது. அசலுக்கு இரட்டிப்பாக முன்பே கொடுத்திருந்தால் கடனே தீர்ந்ததென்று ஆயிற்று. பிரமன் எழுதிய கணக்கைச் சட்டசபை அடித்துவிட்டதா? அல்லது, மனிதன் எழுதிய வட்டியை மனிதனே அடித்தானா? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, கடனைத் தீர்ப்பதும் மனிதன் திட்டம் போட்டுச் செய்ய வேண்டிய காரியமேயாகும். குடும்பச் சாப்பாடு, வாடகை, பிள்ளைகள் படிப்பு ஆகியவை போக மிஞ்சுவது மாதம் 6,000 ரூபாய் என்றும், கடன்கள் 60,000, 30,000, 30,000 என்றும் வைத்துக் கொள்வோம். கடனின் அளவுப்படி பங்கிட்டால் முதலாமவனுக்கு 3,000, மற்ற இருவருக்கும் தலா 1,500. நம்மவர்கள் இப்படிச் செய்வதில்லை. வாசலில் நின்று கூச்சல் போடுகிறவனுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, பேசாமலிருப்பவனை ஏமாற்றுகின்றார்கள். பிறகு பேசாமலிருந்தவனும் கூச்சல் போடக் கற்றுக் கொள்ளுகின்றான். கணக்கை எழுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால், திட்டம் போட்டுவிட்டதாலேயே வழக்கு வராது என்று நம்பிவிடக் கூடாது. சம்மதிக்காதவன் பிராது கொடுக்கத்தான் செய்வான். அது அவன் உரிமை. அதற்காக மற்றவர்கள் பங்கைப் பிடுங்கி அவன் வாயில் போட வேண்டியதில்லை. சம்மன் கிடைத்த 30 நாளைக்குள் பதில் கொடுக்க வேண்டும். கட்டிய தொகையைக் காட்டி, கடனை ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் தவணை கேட்க வேண்டும். 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் 20-வது ஆர்டர் 11-வது விதிப்படி, டிக்ரி கொடுக்கும்போதே தவணை கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு. டிக்ரி ஆனபிறகு கேட்டாலோ, வாதியின் சம்மதமும் வேண்டும். ஒளிந்து கொண்டவன் இழப்பது இந்தச் சந்தர்ப்பத்தையேயாகும். தெரியாமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், தக்க காரணம் காட்டி அதை ரத்துச் செய்யக் கேட்கவும் 30 நாள்தான் உண்டு.

டிக்ரிக்குப் பின் பணத்தைக் கோர்ட்டில் கட்டுங்கள். இல்லையேல் பாங்கி மூலம் கொடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து கையில் கொடுத்து, எழுத்தும் வாங்காமல், கோர்ட்டிலும் பதியாமல் விட்ட பணத்தை, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு கணக்கிலேயே எடுத்துக் கொள்ளாது.

அமீனா வந்தால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்பதும் வீண் பயமேயாகும். உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி ஆகியவற்றையும், உழவனுக்கு அவசியமான ஏர், மாடு, விதை நெல்லையும் ஜப்தி செய்யக் கூடாதென்று 60-வது பிரிவு சொல்லுகின்றது. கூலிக்காரன் கூலியைத் தொடக் கூடாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. பணத்துக்கான டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. வசதியிருந்தும் கொடுக்க மறுப்பவனையல்லாது, ஏழ்மையால் கொடுக்க முடியாதவனைச் சிறையில் வைக்கலாகாதென்று 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அடமானம் வைத்த சொத்தும், திரும்பிவந்த செக்கும் வேறு சங்கதி. செக் திரும்பி நோட்டீசு கிடைத்தால் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் கிரிமினல் வழக்காகிவிடும்.

கோர்ட்டுக்கே போகாமல் அடியாளை அனுப்புகிறவனுக்கும் சட்டம் இருக்கின்றது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவைகளைத் தமிழ்நாடு 2003-லேயே குற்றமாக்கிற்று. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசு வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் தாயும் தகப்பனும் இரண்டு குழந்தைகளும் நெருப்புக்கு இரையானார்கள். மனுக் கொடுத்தும் பயனில்லை என்பதே அவர்கள் குறை. சட்டம் ஏட்டிலிருந்தால் மாத்திரம் போதாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? மனுவைக் கிடப்பில் போடும் உத்தியோகஸ்தனைக் கேள்வி கேட்காத ஊர், கடன்பட்டவனைத் தனியே விட்டுவிட்டுப் பிறகு துக்கம் விசாரிக்கப் போவதில் என்ன யோக்கியதை இருக்கின்றது?

தோழர்களே! கடன் வாங்கியவன் நியாயமான கடனைக் கொடுக்கத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. பணத்தைத்தான் கொடுக்க வேண்டுமேயொழிய, உயிரையும் மானத்தையும் அல்ல. உங்கள் தெருவில் யாருக்காவது சம்மன் வந்தால், அவரை ஏளனம் செய்யாமல் கூடவே கோர்ட்டுக்குப் போங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால், 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், வருமானங் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டுக் கட்டிடத்திலுள்ள சட்ட உதவி ஆபீசில் கேளுங்கள். ரசீதுகளை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.