கீழ்ப்படி இல்லாத ஏணி

மூணாற்றில் பின்லே ஷீல்டு இறுதிப் பந்தயம் நடைபெறும் நாளன்று எஸ்டேட் லயங்களில் ஆள் நடமாட்டம் இராது. கொழுந்து பறிக்கும் தாய்மார்களும், தொழிற்சாலை ஆட்களும், பள்ளிச் சிறுவர்களும் ஜீப்பிலும் கால்நடையாகவும் இறங்கி வந்து பழைய மூணாற்று மைதானத்தைச் சுற்றி நின்றுவிடுவர். ஆங்கிலேயர் காலத்தில் கண்ணன் தேவன் எஸ்டேட்டுகளுக்கு இடையே தொடங்கிய பந்தயம் இது. கம்பெனியின் பெயர் மாறியது. உரிமை கை மாறியது. 2005-ஆம் ஆண்டில் தொழிலாளர்களும் பங்குதாரராக உள்ள புதுக் கம்பெனி வந்தது. பந்தயம் மட்டும் நிற்கவில்லை. வென்ற எஸ்டேட்டில் அன்றிரவு யாருக்கும் உறக்கம் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது அத்தகைய எஸ்டேட் ஒன்றில்தான். ஆதலால் அந்த இரவுகளை நன்கு அறிவேன்.

மறுநாள் காலையையும் அறிவேன். பெரட்டுக்கு நேரமாகிவிடும். ஷீல்டு ஆபீசுக் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். முந்தின நாள் மூன்று பேரை ஏமாற்றிக் கோல் போட்ட இளைஞன், மருந்தடிக்கும் டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருப்பான். அவன் அடுத்து எங்கே ஆடுவான்? அடுத்த ஆண்டு, அதே ஷீல்டில், அதே குழுக்களோடு. வென்றதனால் அவனுக்கோ அவன் குழுவுக்கோ ஒரு படிகூட உயர்வில்லை. தோற்றவர்க்கும் ஒரு படி தாழ்வில்லை. நம் எல்லைப்புறக் கால்பந்தாட்டத்தின் குறை முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஏற்ற இறக்க முறை என்பது யாது? லீக்குகளைப் படிக்கட்டாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் முதலில் வரும் கழகத்தை மேற்படிக்கு ஏற்றுவது, கடைசியில் வரும் கழகத்தைக் கீழ்ப்படிக்கு இறக்குவது, அவ்வளவே. இங்கிலாந்தில் 1888-இல் 12 கழகங்களோடு லீக் தொடங்கிற்று. 1892-இல் இரண்டாம் பிரிவு வந்தது. அப்போது மேற்பிரிவின் கடைசிக் கழகங்களும் கீழ்ப்பிரிவின் முதற் கழகங்களும் சோதனைப் பந்தயம் ஆடி இடத்தை முடிவு செய்தன. 1898-இல் ஸ்டோக், பர்ன்லி என்னும் இரு கழகங்களுக்கும் சோதனைப் பந்தயத்தில் சமநிலை ஒன்றே போதுமாயிருந்தது. இருவரும் பந்தை உதைப்பதுபோல் உதைத்து, கோல் எதுவுமின்றி முடித்து, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினர்! பார்க்க வந்தவர் கொதித்தெழுந்தனர். அந்த ஆண்டோடு சோதனைப் பந்தயம் ஒழிந்து, தானாகவே ஏறி இறங்கும் முறை வந்தது.

இது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு ஒத்துவராது என்று சொல்வார்க்குக் கல்கத்தாவைக் காட்டலாம். கல்கத்தா லீக் 1898-இல் பிறந்தது. அதன் முதற்பிரிவில் இரண்டுக்கு மேற்பட்ட இந்தியக் கழகங்கள் இருத்தலாகாது என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. 1925-இல் ஈஸ்ட் பெங்கால் மேலே ஏறியபோது அந்த விதி உடைந்தது. பின்பு முகமதன் ஸ்போர்ட்டிங் 1933-இல் இரண்டாம் பிரிவை வென்றது. 1934-இல் முதற்பிரிவில் நுழைந்த முதல் ஆண்டிலேயே அதையும் வென்று, அந்த லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தமையால் நிகழ்ந்தது இது. கதவே இல்லாவிடில், தமக்குள் ஒரு கோப்பையை மாற்றி மாற்றி வென்று, அதிலேயே அவர்கள் மனநிறைவு கொண்டிருப்பர்.

இன்றைய நிலைக்கு வருவோம். வாளையாற்றுக்கு அப்புறம் கோவை. அங்கு நேரு மைதானத்தில் ஆடிய சென்னை சிட்டி கழகம் 2018-19-இல் ஐ-லீக்கை வென்றது. வாளையாற்றுக்கு இப்புறம், பாலக்காட்டுக்கு மேற்கே, கோழிக்கோட்டுக் கோகுலம் கேரளா 2020-21-இலும் 2021-22-இலும் அதே லீக்கை அடுத்தடுத்து வென்றது. இரண்டும் ஐ.எஸ்.எல். லீக்கிற்கு ஏற்றப்படவில்லை. ஐ-லீக்கை வென்றவருக்கு ஏற்றம் என்பது 2022-23 முதற்றான் என்று 2019-இல் வகுத்த திட்டம் கூறிற்று. இடைப்பட்ட 2019-20-இல் வென்ற மோகன் பாகன் மட்டும் மேலே போயிற்று. எப்படி? ஏற்கெனவே மேலே இருந்த ஏ.டி.கே. என்னும் கழகத்தோடு இணைந்து! படியேறிச் சென்றவர்க்குக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணை வழியே சென்றவர்க்குத் திறந்திருந்தது. 2023-இல் பஞ்சாப் கழகமும், 2024-இல் நாம் மேலே கண்ட அதே முகமதன் ஸ்போர்ட்டிங்கும் முறைப்படி ஏறின. ஏற்றம் வந்தது, இறக்கம் வரவில்லை. 2023-24-இல் 22 பந்தயங்களில் ஒன்றே ஒன்றை வென்று கடைசி இடம் பெற்ற ஐதராபாத் கழகம் மறு ஆண்டும் அதே லீக்கில் ஆடிற்று. முதல்நிலை லீக்கில் ஏற்றமும் இறக்கமும் இருத்தல் வேண்டும் என்பதை உள்ளடக்கிய விதித்தொகுப்புக்கு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. நன்று.

ஆனால் என் வழக்கு மேற்படியைப் பற்றியதன்று. மேற்படிக்கு வாதாட வழக்கறிஞர் பலர் உளர். 2023-இல் ஐ-லீக் மூன்றாம் பிரிவுகூட வந்துவிட்டது. மாநில லீக்கிலிருந்து அதற்குப் போகலாம். கேரளத்தில் 2013 முதல் கேரள பிரீமியர் லீக் இருக்கிறது. அதன்கீழ் மாவட்டச் சங்கங்கள் நடத்தும் லீக்குகள் உள்ளன. தாளில் பார்த்தால் ஏணி நிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. சொக்கநாட்டிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் நிமிர்ந்து பார்த்தால், முதற்படி தலைக்கு மேல் எங்கோ தெரிகிறது. வண்டிப்பெரியாற்றுத் தோட்டத்துக் குழு ஒன்று தொடுபுழைக்குப் போய் ஒரு பந்தயம் ஆடி மீளப் பகல் முழுவதும் போய்விடும். அரைநாள் சம்பளமும் வேன் வாடகையும் உடன்போகும். மாவட்ட லீக் என்ற சொல்லில் உள்ள மாவட்டம் எத்தனை பெரிது என்பது மலையில் இருப்பவனுக்கே தெரியும். இடுக்கி மாவட்டம் 1972-இல் பிறந்தது. அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேர்ப்பாதை இன்றும் கிடையாது.

2024-இல் சூப்பர் லீக் கேரளா என்று ஆறு கழகங்களோடு ஒரு புது லீக் எழுந்தது. திருவனந்தபுரம், கொச்சி, திருச்சூர், மலப்புறம், கோழிக்கோடு, கண்ணூர். பாலக்காடும் இல்லை, இடுக்கியும் இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. பணம் போட்டவர் தம் ஊரில் கடை திறக்கிறார். அது அவர் உரிமை. ஆனால் கடை வேறு, ஏணி வேறு. முதலீட்டாளர் நம் ஊருக்கு வரும்வரை காத்திருப்பதுதான் முன்னேறும் வழி என்று நம் இளைஞர் நம்பத் தொடங்கினால், அது பெருந்தவறாகும்.

செவன்ஸ் இருக்கிறதே என்பர் சிலர். உண்மை. பாலக்காட்டிலும் மலப்புறத்திலும் தற்காலிகக் காலரி கட்டி, விளக்கொளியில், ஏழு பேர் குழுக்கள் ஆடும் அந்தப் பந்தயங்களுக்கு வரும் கூட்டத்தைப் பெரிய லீக்குகளும் கண்டு பொறாமைப்படும். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர் வருகின்றனர். திறமையுள்ள ஏழை இளைஞனுக்கு ஓர் இரவு ஆட்டத்தில் கூலி கிடைக்கிறது. அதை இகழ நான் துணியேன். என் தோழர் இருவர் அந்தக் கூலியில் தங்கையரைப் படிக்க வைத்தனர். எனினும் அங்கும் மேலே போக வழியில்லை. முழங்கால் நொடித்த அன்றே கூலியும் நின்றுவிடும். கழகம் என்ற ஒன்று அவனுக்குப் பின்னால் இல்லை.

ஆகவே என்ன செய்யலாம்? தாலுகாவிலிருந்து தொடங்குவோம். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் ஆகிய நான்கு தாலுகாக்களில் தமிழர் மிகுதியாக உள்ளனர், ஆட்டமும் மிகுதி. ஒவ்வொன்றிலும் எஸ்டேட் குழு, ஊர்க் குழு, வாசகசாலைக் குழு என்று எட்டெட்டுக் கழகங்களாகப் பிரிவு வகுக்கலாம். எட்டுக் கழகங்கள் இருமுறை சந்தித்தால் ஒவ்வொன்றுக்கும் 14 பந்தயங்கள். பிரிவுக்கு மொத்தம் 56. ஞாயிறுதோறும் ஒன்று வீதம் 14 ஞாயிறுகள். மலையில் சூன் தொடங்கி மழை. ஐப்பசியில் மறுபடியும் மழை. டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ள ஞாயிறுகள் இதற்குத் தாராளமாகப் போதும். தோற்றவர் வெளியேறும் கோப்பைப் பந்தயத்தோடு இதை ஒப்பிடுங்கள். 16 குழுக்கள் வந்தால் எட்டுக் குழுக்கள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். ஆண்டு முழுவதும் பயிற்சி, ஆட்டம் ஒன்று! பதினான்கு முறை ஆடினால்தான் ஆட்டக்காரன் உருவாவான். ஒரு முறை ஆடினால் வீரக்கதைதான் உருவாகும்.

தாலுகாவில் முதல் இரண்டு இடம் பெறுவோர் மாவட்டத்தின் கடைசிப் பிரிவுக்கு ஏறவேண்டும். அங்கிருந்து அத்தனை கழகங்கள் இறங்கவேண்டும். மேலே போகப் போகப் பயணம் நீளும். ஆதலால் ஏறிய கழகத்துக்கு முதல் ஆண்டின் பயணச் செலவை மாவட்டச் சங்கமே ஏற்கவேண்டும். இந்த ஒரு விதி இல்லையேல் ஏற்றமே தண்டனையாகிவிடும். எங்கள் வேதியியற் கூடத்தில் பின்னக் காய்ச்சி வடித்தல் என்றொரு முறை உண்டு. கலவை ஆவியாகி நெடுங்குழாயில் ஏறும். ஒவ்வொரு தட்டிலும் சிறிது மேலே போகும், சிறிது குளிர்ந்து கீழே சொட்டும். இறங்குவது நின்றால் பிரிப்பதும் நின்றுவிடும். கழகங்கள் திரவமல்ல என்று என் ஆசிரியர் சிரிப்பார். ஆயினும் சொல்லி வைக்கிறேன்.

இனி எல்லை. கொழிஞ்சாம்பாறைக்கு அதே மாவட்டத்துப் பட்டாம்பியைவிடப் பொள்ளாச்சி மிக அருகில். குமுளிக்குத் தொடுபுழையைவிடக் கம்பம் அருகில். மறையூர்க்காரர் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் உடுமலைக்கு இறங்குகின்றனர். ஆட்டத்துக்கு மட்டும் ஏன் இறங்கலாகாது? கழகம் எந்த மாநிலச் சங்கத்தில் பதிவோ அந்த லீக்கில்தான் ஆடவேண்டும் என்பது நடைமுறை. ஆனால் இங்கிலாந்து மண்ணில் உள்ள பெர்விக் என்னும் ஊரின் கழகம் ஸ்காட்லாந்து லீக்கில் ஆடுகிறது. இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரியைச் சார்ந்த கழகம் வேல்ஸ் லீக்கில் ஆடுகிறது. வேல்ஸின் கார்டிப், சுவான்சி, ரெக்சாம் கழகங்கள் இங்கிலாந்து லீக்கில் ஆடுகின்றன. தனித்தனிக் கால்பந்துச் சங்கங்கள் உள்ள நாடுகளுக்கிடையே இயலுவது இரண்டு மாநிலங்களுக்கிடையே இயலாதா? எல்லைத் தாலுகாக் கழகம் எந்தப் பக்கத்து ஏணியில் ஏறுவது என்பதை ஒரு முறை தேர்ந்துகொள்ளட்டும். இரண்டு சங்கங்களும் அகில இந்தியக் கூட்டமைப்பும் கையெழுத்திட்டால் முடிகிற காரியம். இதில் மொழிச் சண்டைக்கோ எல்லைச் சண்டைக்கோ இடமில்லை. 1956-இல் கோடு போட்டவர்கள் கால்பந்தாட்டத்தை நினைத்துப் போடவில்லை. நாமும் கோட்டை அழிக்கக் கேட்கவில்லை. வேன் வாடகையைக் குறைக்கத்தான் கேட்கிறோம்.

பெர்விக்கின் கதையில் மறுபாதியும் உண்டு; அதை மறைத்தல் நேர்மையன்று. 2019-இல் அக்கழகம் தோற்று ஸ்காட்லாந்து லீக்கிலிருந்தே இறங்கிவிட்டது. இறக்கம் என்பது ஏட்டில் எளிய சொல். ஊரில் அது துக்கம். ஏழைக் கழகம் இறங்கினால் மடிந்துவிடாதா என்று கேட்கின்றனர். நான் எண்ணிப் பார்த்தேன். நம் பக்கத்தில் மடிந்த கழகங்கள் எவை? 1997-இல் பிறந்து அதே ஆண்டில் டூரண்டு கோப்பையை வென்ற எப்.சி. கொச்சின் சில ஆண்டுகளில் பணமின்றி மறைந்தது. விவா கேரளாவும் அப்படியே. கோப்பை வென்ற சென்னை சிட்டி பின்னர் உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யாமல் லீக்கை விட்டு வெளியேறிற்று. அவை மடிந்தது செலவு தாங்காமல். தாங்கக்கூடிய ஒரு படி கீழே இருந்திருந்தால் அங்கே நின்று மூச்சு விட்டிருக்கலாம். லூட்டன் டவுன் ஐந்து ஆண்டுகள் ஐந்தாம் படியில் கிடந்து, 2023-இல் முதற்படிக்கு ஏறி, 2024-இலும் 2025-இலும் மறுபடி இரண்டு படிகள் இறங்கிற்று. கழகம் இருக்கிறது.

எஸ்டேட்டுக்காரருக்கு வேறோர் அச்சம். ஷீல்டின் பெருமை குறைந்துவிடுமோ என்று. ஷீல்டை யாரும் தொடவேண்டா. அது ஆண்டுக்கொரு முறை வரும் திருவிழாவாகவே இருக்கட்டும். வென்ற குழு அவ்வாண்டே தேவிகுளம் தாலுகாப் பிரிவில் இடம்பெற வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற விடுமுறையில் இதையெல்லாம் ஊரில் சொன்னேன். தேநீர்க்கடையில் இருந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, முதல் வருசம் இறங்கப்போறது யாரு?" என்றார். எங்கள் எஸ்டேட்டுக் குழு சென்ற மூன்று ஆண்டுகளாக முதற்சுற்றைத் தாண்டியதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நாமதான் சித்தப்பா" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, இறங்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோடு ஆட்டம் என்று கேட்டார். பக்கத்து மலைக் குழுவின் பெயரைச் சொன்னேன். "அவனுகள அடிச்சிரலாம்" என்றார்.