மஞ்சள் காட்டாத காமாலை

கண் மஞ்சளித்து, சோற்றைக் கண்டாலே குமட்டினால், ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கீழாநெல்லியைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் நம்மில் அதிகம். வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் விலக்கிய பத்தியம் இருக்க வேண்டும். சில வாரங்களில் கண் வெளுத்துவிடும். வைத்தியர் கைராசிக்காரர் என்று பேர் வாங்கிவிடுவார். வந்தது ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ என்றால், அவர் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்கு அது குணமாகியிருக்கும்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து. இவற்றில் ஏ-யும் ஈ-யும் மலம் கலந்த நீர், உணவு வழியே வருபவை. விருந்தாளி மாதிரி சில வாரம் தங்கிவிட்டுக் கிளம்பிவிடும். ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் வழியே வரும் பி-யும், பெரும்பாலும் ரத்தம் வழியே பரவும் சி-யும் பலரிடம் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. டி தனியாக வராது, பி இருக்கும் உடலில்தான் அது பிழைக்கும். நம் அச்சம் முழுவதும் மஞ்சள் நிறத்தின் மீதுதான். கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுகிற பி-யும் சி-யும் பல ஆண்டுகள் எந்த நிறமும் காட்டாமல் இருந்துவிடுகின்றன.

நீர்வழிக் காமாலையை அலட்சியப்படுத்தலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 1955 மழைக்காலத்துக்குப் பின் டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். யமுனை வெள்ளம் வடிந்தபோது நீரோட்டம் திசைமாற, நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை வஜீராபாத் குடிநீர் நிலையத்தின் உறிஞ்சுமுனைக்கு வந்து சேர்ந்தது. நிலையத்தார் குளோரினை அதிகப்படுத்தினார்கள். அதனால் டைபாய்டு பெருகவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்துக் காமாலை வெடித்தது: மஞ்சளித்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 29,000 பேர். பாக்டீரியாவுக்குப் போதுமாக இருந்த குளோரின் இந்த வைரஸைத் தடுக்கவில்லை. இது ஏ அல்ல, வேறொரு கிருமி என்பது சேமித்து வைத்த ரத்த மாதிரிகளைப் புனே வைராலஜி நிறுவனத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சோதித்து 1980-இல் எழுதிய பிறகே தெரிந்தது. பின்னால் ஈ என்று பெயர் பெற்ற அந்தக் கிருமி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தொற்றினால் 20 முதல் 25 சதவீதம் வரை தாய்மார்களின் உயிரைப் பறிக்கக்கூடியது. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் பத்தியம், கஷாயம் என்று ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

பி-யின் கணக்கு விசித்திரமானது. வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே அது நிலைக்கிறது. தாயிடமிருந்து பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் நிலைத்துவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு எந்த அறிகுறியும் இருக்காது. (பிறந்த சில நாட்களில் பல குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் வேறு சமாச்சாரம்.) எதிர்க்கும் வலு உள்ள உடல்தான் சண்டை போட்டு மஞ்சளிக்கிறது. பச்சிளம் உடல் சண்டையே போடாமல் கிருமிக்கு இடம் கொடுத்துவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசிக்கு இவ்வளவு முக்கியத்துவம் இதனால்தான். இந்தத் தடுப்பூசி நாடு முழுவதற்குமான அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 2011-இல். அதற்கு முன் பிறந்தவர்களில் கணிசமானோர் ஊசி போடாமலே வளர்ந்தவர்கள். சி-க்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. ஆனால் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேர் குணமாகிறார்கள். இந்தியாவில் 2022-இல் ஏறத்தாழ 3 கோடிப் பேர் பி-யோடும் 55 லட்சம் பேர் சி-யோடும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவைகூடப் பரிசோதித்துக் கொண்டதில்லை.

கீழாநெல்லியை அறிவியல் எட்டிப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூலிகை உண்டவர்களில் 59 சதவீதம் பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்ததாகச் சொன்ன ஆய்வு அது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நியாயமான கேள்விக்கு நியாயமாகக் கிடைத்த பதில் என்றே அதைக் கொள்ளலாம். நம் கிராமத்து நம்பிக்கை அந்த முதல் பாதியோடு நின்றுவிட்டது.

நம் இளைஞர்கள் பலருக்கு பி இருப்பது தெரியவருவது வளைகுடா வேலைக்கான மெடிக்கலில்தான். ‘அன்ஃபிட்’ என்று ஒரு முத்திரை விழும், விசா போய்விடும். ஏஜென்ட்டிடம் கட்டிய பணம்தான் அப்போது அவருக்குப் பெரிய கவலை. ரிசல்ட்டை எப்படியாவது ‘நெகட்டிவ்’ ஆக்கித் தருவதாகச் சொல்கிறவர்களிடம் மேலும் கொஞ்சம் பணம் போகும். அவருக்கு உடனே சிகிச்சை தேவைப்படாமலும் இருக்கலாம். ஆனால் வைரஸின் அளவையும் கல்லீரலின் நிலையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதைச் சொல்லி, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எழுதி ஒரு சீட்டைக் கையில் கொடுக்கும்படி அந்த மெடிக்கல் சென்டர்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.