காலம் அறிந்து பிரித்தல்

இங்கிலாந்து போன்ற குளிர்தேசங்களில், ஆகஸ்டு மாதத்தில் தேனீக்கள் நெருங்கி மொய்ப்பதைக் கண்டவுடன் தேனீப்பெட்டியை இரண்டாகப் பிரித்து, செல்வம் இரட்டித்ததென்று ஆனந்தம் கொள்ளும் தேனீ வளர்ப்போர், இயற்கை விதித்திருக்கும் காலக்கணக்கைச் சற்றே சிந்தித்தல் அவசியம். முட்டையிலிருந்து ராணி வெளிப்பட 16 நாட்களும், அவள் வானில் ஆண் ஈக்களுடன் கூடி முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ இரு வாரங்களும், அம்முட்டைகள் வேலைக்கார ஈக்களாக உருப்பெற 21 நாட்களும் செல்லுமாதலால், ராணியின்றிப் பிரிக்கப்பட்ட பாதி, தன் புதிய ராணியின் சந்ததியைக் காண சுமார் ஏழு வாரங்கள் காத்திருக்க நேர்கிறது. அதற்குள் மலர்கள் அருகி, ஆண் ஈக்கள் கூட்டினின்று விரட்டப்பட்டு, இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. ஆகவே, கோடையின் இறுதியில் பிரித்தே தீரவேண்டுமாயின், ஏற்கெனவே முட்டையிடத் தொடங்கிய ராணி ஒன்றைச் சித்தமாக வைத்துக்கொண்டு, வலிமை மிக்க குடும்பத்தை மட்டும் பிரித்து, உண்ணிகளுக்கு எதிராகச் சிகிச்சை செய்து, சர்க்கரைப் பாகு ஊட்டி, குளிர்காலத்திற்குச் சுமார் 20 கிலோ உணவு ஒவ்வொரு பெட்டியிலும் சேரும்படி பேணுவதே தர்மம். அவ்வாறு செய்ய இயலாதவர் பிரிவினையை வசந்தம்வரை ஒத்திவைப்பாராக. அக்காலத்தில் தானே பிரிந்து பறந்த சிறு கூட்டத்தைப் பிடித்தவரோ, அதனை நலிந்த குடும்பமொன்றுடன் இணைக்கும்பொருட்டு, அவ்விரண்டின் ராணிகளில் ஒன்றை நீக்கி, இடையே ஒரு செய்தித்தாளை விரித்து, சிறுகச் சிறுக இணைப்பாராக. பனிக்காலத்தைக் கடந்து வாழும் ஒரு குடும்பம், கடக்காமல் மடியும் இரண்டினும் மேலானது.