பாஸ் ஆன பைலட்டையும் உட்கார வைத்துப் பேசுங்கள்!

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட் டீக்கடையில் நின்றால் தலைக்கு மேல் விமானம் போவது தெரியும். கிழக்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் ஒன்றன் பின் ஒன்றாக மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ வரும். டீ குடிப்பவர் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் மட்டும் கேட்டார்: "ஏன் சார், இதை ஓட்டுறவருக்கு டெஸ்ட் உண்டா? இல்ல, ஒரு தடவை லைசென்ஸ் வாங்கினா ஆயுசுக்கும் போதுமா?"

உண்டு. பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறமைச் சோதனை. 'சிமுலேட்டர்' என்ற பொம்மை விமானத்தில் உட்கார வைப்பார்கள். பொம்மை என்றாலும் ஆட்டம் நிஜம் போலவே இருக்கும். மேலே ஏறும் நேரத்தில் ஒரு எஞ்சினை அணைப்பார்கள். இறங்கும் நேரத்தில் பனிமூட்டத்தைப் போட்டு ஓடுபாதையை மறைப்பார்கள். தேறாதவர் மறுபடி பயிற்சி பெற்றுத் தேறும்வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது.

ஆகவே ஃபெயில் ஆனவரைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் பாஸ் ஆனவரைப் பற்றித்தான்!

கை குலுக்கினால் ஆச்சா?

சோதனை முடிந்ததும் சோதித்தவரும் விமானியும் உட்கார்ந்து நடந்ததைப் பேச வேண்டும். 'டிபிரீபிங்' என்பது அவர்கள் வார்த்தை. ஃபெயில் என்றால் பேச்சு தானாக நீளும். பாஸ் என்றால்? "நல்லா பண்ணீங்க", ஒரு கை குலுக்கல், ஒரு கையெழுத்து, வீட்டுக்குக் கிளம்பு! இரண்டு பேருக்கும் களைப்பு. முடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

நானும் 'எட்டு' போட்டு லைசென்ஸ் வாங்கியவன்தான். திருப்பத்தில் வண்டி தள்ளாடியதை அதிகாரி பார்த்தார். "பாஸ், போ" என்றார். மூன்றாம் மாதம் அதே மாதிரித் திருப்பத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

என் முட்டியோடு போயிற்று. விமானத்தில் அப்படியா?

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320. அன்று ஒரு விமானிக்குச் சோதனைப் பயணம். பக்கத்து இருக்கையில் சோதிக்கும் கேப்டன். எஞ்சின்கள் குறைந்த விசையில் ஓட, வேகம் குறைந்துகொண்டே வந்தது. சுதாரித்தபோது நேரம் கடந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் பலி.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். இறங்க வேண்டாம், மேலே தூக்கிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார் என்கிறது விசாரணை அறிக்கை. கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் பலி.

இவர்கள் எல்லாம் லைசென்ஸ் இல்லாதவர்களா? இல்லை. சோதனைகளில் தேறி வந்தவர்கள்தான். வேகம் குறைந்தால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சின்னவர் சொன்னால் பெரியவர் கேட்க வேண்டும். இந்தப் பழக்கம் வானத்தில் திடீரென்று வராது. தரையில், நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போதுதான் வரும்.

நம்மூரிலேயே பள்ளிக்கூடம்

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்சியாளர் பள்ளி நடக்கிறது. பறக்கத் தெரிந்தவருக்குப் பிறரைப் பழக்கும் வித்தையைச் சொல்லித்தரும் இடம். அந்தத் தொழிலில், இறங்கி வந்து பேசினால்தான் பாடம் முடியும்.

எப்படிப் பேசுவது? ரிசல்ட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் மனசு லேசாகிக் காது திறக்கும். அப்புறம் விமானியைப் பேச விட வேண்டும். "எது நல்லா வந்துச்சு? எது உங்களுக்கே திருப்தியில்ல?" என்று கேட்டால் பாதி தப்பை அவரே சொல்லிவிடுவார். நன்றாகச் செய்ததையும் இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "சூப்பர்" என்றால் அவருக்கு எது விளங்கும்? மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டு குறையைக் கடைசியில் சொல்லலாம். திட்டுவதற்கல்ல, திருத்துவதற்கு.

விமான நிறுவனங்களே! சோதனைக்கு இத்தனை மணி என்று அட்டவணை போடுகிறீர்கள். பேசுவதற்கும் நேரம் போடுங்கள். ராத்திரி ஆகிவிட்டது என்று அதை வெட்டாதீர்கள். டிஜிசிஏ அதிகாரிகளும் கையெழுத்தை மட்டும் பார்க்காமல், உண்மையில் பேசினார்களா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதும் அந்த லேத் தொழிலாளி சிரித்தார்.

"எங்க மேஸ்திரியும் அப்படித்தான் சார். பீஸ் பாஸ்தான். ஆனா அளவு ஓரத்துல நிக்குதுன்னா டூல் தேயுதுன்னு அர்த்தம். அப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுவாரு. நூறு பீஸ் கெட்ட பிறகு சொல்லி என்ன லாபம்?"

பட்டறையில் போவது பீஸ். மேலே போவது நம் ஜனங்கள்!