முதியோர் வீட்டுக் கதவைத் தட்டும் காப்பீட்டு மூலதனம்

பிள்ளைகளும் மருமக்களும் வேலைக்குப் புறப்பட்ட பின், வீட்டில் முதியவர்கள் மட்டும் இருக்கும் முற்பகல் வேளையில்தான் அந்தக் கதவு தட்டப்படுகிறது. வருபவர் கையில் வண்ணத் துண்டறிக்கை; கழுத்தில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் அடையாள அட்டை. குடியிருப்பில் நடந்த ‘இலவச இரத்த அழுத்தப் பரிசோதனை முகாமில்’ பெயரும் வயதும் கைபேசி எண்ணும் எழுதிக்கொடுத்தது இவர்களுக்கு மறந்திருக்கும், அவருக்கு மறக்கவில்லை. நலம் விசாரிக்கிறார். யாருக்கோ இதய அறுவை நடந்து வீடே கடனில் மூழ்கிய கதையைச் சொல்கிறார். பிறகு கேட்கிறார்: “அரசாங்க அட்டை ஐந்து லட்சத்தோடு நின்றுவிடும், அம்மா. அதற்கு மேல் ஆனால் என்ன செய்வீர்கள்?”

பொய் என்று தள்ளிவிட முடியாத கேள்வி இது. அதனால்தான் இதை அரசியலாக ஆராய வேண்டியிருக்கிறது.

70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வேறுபாடின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்று 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மோடி அரசு அறிவித்தது. விளம்பரம் பெரிது. ஆனால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூட்டு வலிக்கும் மாதந்தோறும் மருந்துக் கடையில் கொட்டும் பணத்துக்கு அந்த அட்டையில் இடமில்லை. புறநோயாளர் சிகிச்சை அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. திட்டத்தில் சேராத மருத்துவமனையில் அட்டையை நீட்டிப் பயனில்லை. முதியவர் அன்றாடம் சந்திக்கும் செலவு ஒன்று, அரசு தருவதாகச் சொல்லும் உதவி வேறொன்று. இந்த இடைவெளியில்தான் ‘கூடுதல் பாதுகாப்பு’, ‘டாப்-அப்’, ‘சூப்பர் டாப்-அப்’ என்ற சரக்குகளோடு முகவர் அனுப்பப்படுகிறார்.

அந்தச் சரக்கைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட செலவை ஏற்கும் டாப்-அப் பாலிசி, முதல் ஐந்து லட்சத்துக்கு ஒரு காசும் தராது. சாதாரண டாப்-அப்பில் ஒவ்வொரு முறை மருத்துவமனையில் சேரும்போதும் செலவு அந்த எல்லையைத் தாண்டியாக வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் மட்டுமே ஆண்டு முழுவதன் செலவும் சேர்த்துக் கணக்கிடப்படும். இந்த வேறுபாட்டைத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் விளக்குவதில்லை. அட்டை செல்லுபடியாகும் மருத்துவமனையில் நிர்ணயித்த தொகுப்புக் கட்டணத்தில் சிகிச்சை நடப்பதால் டாப்-அப்புக்கு வேலை வருவது அரிது. அட்டை செல்லாத மருத்துவமனையிலோ முதல் ஐந்து லட்சத்தை முதியவரே புரட்டியாக வேண்டும். அப்படியானால் அவர் எதற்குப் பிரீமியம் கட்டினார்? ‘அரசு அட்டைக்கு மேல் இது’ என்று சொல்லப்பட்டதை நம்பியதற்கு.

முழு பாலிசி வாங்கியவர் நிலையும் மேலானதல்ல. பல மூத்தோர் பாலிசிகளில் மருத்துவச் செலவின் 20 அல்லது 30 சதவீதத்தை நோயாளியே ஏற்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று என்று முதுமைக்கே உரிய சிகிச்சைகளுக்குத் தனிக் காத்திருப்புக் காலம். 72 வயதில் பாலிசி எடுத்தவரிடம் 75 வயது வரை நோயைத் தள்ளிப்போடும்படி கேட்கும் வணிகம் இது!

எல்லாவற்றிலும் கொடுமை, முன்மொழிவுப் படிவம். அதை நிரப்புபவர் முகவர், கையெழுத்திடுபவர் முதியவர். ‘சர்க்கரை நோய் உண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதப்படுகிறது, ஏனெனில் ‘உண்டு’ என்றால் பிரீமியம் ஏறும், மருத்துவப் பரிசோதனை வரும், விற்பனை கைநழுவும். இரண்டு ஆண்டு கழித்து நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போனால், அங்குள்ள பழைய மருந்துச் சீட்டைக் கண்டெடுத்து, ‘உண்மையை மறைத்தார்’ என்று நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்கிறது. மறைத்தது யார்? மும்பையிலோ பெங்களூருவிலோ வாழ்நாள் முழுவதும் உழைத்து, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் ஆங்கிலப் படிவத்தில் இட்ட கையெழுத்துக்கு என்ன பொருள்? படிவத்தின் உள்ளடக்கம் அவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டது என்று தனியே ஓர் உறுதிமொழி வேண்டும் என்பது விதி. அந்த உறுதிமொழியிலும் அதே நிமிடத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

முகவர்மீது கோபம் வருவது இயல்பு. ஆனால் அது அங்கேயே நின்றுவிடக் கூடாது. பட்டப் படிப்பு முடித்து வேலை கிடைக்காத இளைஞர், குடும்பச் செலவுக்கு வழியில்லாத பெண், கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட தொழிலாளி ஆகியோரே பெரும்பாலும் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். மாதச் சம்பளம் இல்லை, வருங்கால வைப்புநிதி இல்லை, இஎஸ்ஐ இல்லை. பிறருக்கு மருத்துவக் காப்பீடு விற்கும் அவருக்கே மருத்துவக் காப்பீடு கிடையாது. பிடித்தால் கமிஷன், பிடிக்காவிட்டால் செருப்புத் தேய்மானம். கதவுக்கு உள்ளே இருப்பவரையும் வெளியே நிற்பவரையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு, இலாபம் வேறிடத்துக்குப் போகிறது.

அது போகும் வழியைச் சட்டமே திறந்துவிட்டது. 1972இல் பொதுக் காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானபோது நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டன. 1994இல் மல்ஹோத்ரா குழு அறிக்கை வந்தது முதல் இன்சூரன்ஸ் ஊழியர்கள் எச்சரித்தது அனைத்தும் வரிசையாக நடந்தேறின: 1999இல் தனியாருக்கு அனுமதி, 26 சதவீத அந்நிய மூலதனம், 2015இல் 49, 2021இல் 74, 2025 பட்ஜெட்டில் 100 என்ற அறிவிப்பு. 2023 ஏப்ரல் முதல் முகவர் கமிஷனுக்குத் தனி உச்சவரம்பும் இல்லை. தனிச் சுகாதாரக் காப்பீட்டு நிறுவனங்கள் கமிஷன் உட்பட நிர்வாகச் செலவாகப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். பொதுத்துறை நிறுவனங்களின் சுகாதாரக் காப்பீட்டில் வரவாகும் 100 ரூபாய்க்கு அண்மை ஆண்டுகளில் 100 ரூபாய்க்கு மேலேயே இழப்பீடு போயிருக்கிறது; தனிச் சுகாதார நிறுவனங்களில் அது 65 ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. பொதுத்துறையின் கணக்கில் குறைந்த விலைக் குழுக் காப்பீடுகளின் பங்கு பெரிது என்று பதில் சொல்வார்கள். உண்மைதான். தொழிலாளர் குழுக்களைத் தாங்குவது அரசு நிறுவனம், தனித்தனி வீட்டு வாசலில் அதிக விலைக்கு விற்பது தனியார் என்பதைத்தான் அந்தப் பதிலும் ஒப்புக்கொள்கிறது.

2024 ஏப்ரல் முதல், பாலிசி எடுக்க 65 வயது என்ற வரம்பு நீக்கப்பட்டது. முதியோருக்குக் கிடைத்த சலுகை என்றார்கள். எந்த விலைக்கு என்பதை நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். பிரீமியம் தாறுமாறாக ஏறிக் கூச்சல் எழுந்த பிறகே, 2025 ஜனவரியில், முன்கலந்தாலோசனை இல்லாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறினால் எட்டே ஆண்டில் இரு மடங்கைத் தாண்டிவிடும். இபிஎஸ்-95இன் குறைந்தபட்ச ஓய்வூதியமோ 2014இல் நிர்ணயித்த அதே 1,000 ரூபாய். 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். இந்த முதியவர்கள் கட்டிய பிரீமியத்தின்மீது 2025 செப்டம்பர் 22 வரை 18 சதவீத ஜிஎஸ்டியும் பறித்தார்கள். நாற்பதாயிரம் ரூபாய் பிரீமியத்துக்கு 7,200 ரூபாய் வரி. அந்த வரி விலகியது தொழிற்சங்கங்களும் எதிர்க்கட்சிகளும் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய குரலால் வந்த பலன்.

‘ஆளுக்கொரு பாலிசி எடுத்துக்கொள்வதுதானே முன்யோசனை’ என்று நம் தோழர்களில் சிலரே கேட்கிறார்கள். இயன்றவர் எடுத்துக்கொள்ளட்டும்; அதில் குற்றமில்லை. ஆனால் தனித்தனியே பயந்து தனித்தனியே பணம் கட்டும் ஏற்பாட்டைத் தீர்வு என்று மக்களிடம் நாமே பேசுவது வேறு விஷயம். ஐந்து ஆண்டு இஎஸ்ஐயில் இருந்து பணி ஓய்வு பெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். முந்தைய நோய்க்குக் காத்திருப்பு இல்லை, மருந்துக்கும் வழி உண்டு. ஆலைகளில் ஓய்வு பெற்ற எத்தனை பேருக்கு இந்த 120 ரூபாய் பற்றித் தெரியும்? அதைச் சொல்லிக்கொண்டு அவர்கள் கதவை யாரும் தட்டியதில்லை, அதில் கமிஷன் இல்லாததால். இஎஸ்ஐ மருத்துவமனைகளில் மருத்துவரும் மருந்தும் போதாமல் வைத்திருப்பதும், பொதுச் சுகாதாரத்துக்கு மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017 கொள்கையில் குறித்த இலக்கை 2025இலும் எட்டாமல் விட்டதும், முகவரின் பையைக் கனக்கச் செய்யும் செயல்கள்தாம்.

வீடு வீடாகச் செல்வது நமக்குப் புதிதல்ல. நிதி திரட்டவும் வாக்குக் கேட்கவும் செல்லும் அதே தெருக்கள்தாம். கிளைத் தோழர்கள் அடுத்த சுற்றில் முதியவர்களின் பாலிசித் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். புதிய பாலிசி கையில் கிடைத்து 30 நாளுக்குள் என்றால் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனை, முத்திரைச் செலவு போன்ற சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். படிவத்தில் மறைக்கப்பட்ட நோய் இருந்தால் இப்போதே எழுத்து மூலம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கச் செய்ய வேண்டும். பாலிசியின் சுருக்கத் தகவல் தாளைத் தமிழில் தரும்படி கேட்க உரிமை உண்டு. கேட்டு வாங்க வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இஎஸ்ஐக்குத் தகுதியுள்ள ஓய்வுபெற்றோர் பட்டியலைக் கிளைவாரியாகத் தயாரித்துத் தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்களை இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லும் நாளை அடுத்த கிளைக் கூட்டத்திலேயே குறிக்கலாம்.