லேபிளுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எழுதுங்க



நெய்வேலி டவுன்ஷிப்ல நாலு நண்பர்கள் சேர்ந்து சொந்தமா ஒரு ஹிப் ஹாப் லேபிள் ஆரம்பிக்கிறதா வெச்சுக்குவோம். ஒருத்தர் எழுதுறார், ஒருத்தர் பீட் போடுறார், ஒருத்தர் ராப் பண்றார். நாலாவது ஆள் மாசச் சம்பளத்துல இருந்து காசு போடுறார். இந்த பிளாக் படிக்கிற நீங்க பெரும்பாலும் அந்த நாலாவது ஆள்தான்.

லேபிள்னு சொன்னதும் லோகோ, பிரைவேட் லிமிடெட்னு கிளம்பிடுறாங்க. என் கருத்து, ரெண்டுக்கும் இப்ப அவசரம் இல்லை. முதல் செலவு ஒரு ஒப்பந்தத்துக்கு இருக்கணும்.

‘என்ஜாய் எஞ்சாமி’ தெரியாத ஆள் கிடையாது. 2021 மார்ச்ல மாஜா நிறுவனம் மூலமா வந்துச்சு. 2022-ல அந்தப் பாட்டுல யாரோட பங்கு எவ்வளவுன்னு அறிவும் சந்தோஷ் நாராயணனும் சமூக வலைதளத்துல வெளிப்படையா ஆளுக்கொரு விளக்கம் எழுத வேண்டி வந்துச்சு. 2024 மார்ச்ல, அந்தப் பாட்டுல இருந்து தங்களுக்கு வருமானமே வரலைன்னு சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டார். நிறுவனத் தரப்பு அதை மறுத்தது. யார் சொல்றது சரின்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. ஆனா கோடிக்கணக்கான பேர் பார்த்த பாட்டுக்கே இந்த நிலைமைன்னா, வாட்ஸ்ஆப் குரூப்ல ‘ஓகே மச்சி’ன்னு முடிவு பண்ற நம்ம பாட்டுக்கு என்ன ஆகும்?

ஒரு பாட்டுல மூணு காப்பிரைட் இருக்கு. வரி எழுதினவருக்கு ஒண்ணு, மெட்டு போட்டவருக்கு ஒண்ணு, ஒலிப்பதிவுக்கு ஒண்ணு. ஒலிப்பதிவோட உரிமை, முன்கையெடுத்துப் பொறுப்பேத்து அதைத் தயாரிச்சவருக்குன்னு 1957 காப்பிரைட் சட்டம் சொல்லுது. அதாவது நீங்க காசு போட்டா, மாஸ்டர் உங்களோடதுன்னு வாதாடலாம். வரியும் மெட்டும் தானா உங்க கைக்கு வந்துடாது. எழுத்துல, கையெழுத்தோட எழுதிக் கொடுத்தாதான் உரிமை மாறும். எத்தனை வருஷம்னு போடலைன்னா 5 வருஷம், எந்த ஊருன்னு போடலைன்னா இந்தியா மட்டும். எழுதி வாங்கிட்டு ஒரு வருஷம் சும்மா வெச்சிருந்தா, வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமையும் போயிடும். 2012 திருத்தத்துக்கு அப்புறம் எழுதினவர், மெட்டமைச்சவரோட ராயல்டி பங்கை மொத்தமா எழுதி வாங்கவும் முடியாது. எனக்கு இது நியாயமாத்தான் படுது.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம், கணக்கு. பாட்டுக்கு நீங்க 60,000 ரூபாய் போட்டீங்க, 40,000 வந்துச்சு. ‘ஆளுக்கு 25 சதவீதம்’னு மட்டும் பேசியிருந்தா, வந்த 40,000-ல ஆளுக்கு 10,000. உங்களுக்கு 50,000 நஷ்டம். ‘முதல்ல போட்ட காசு, அப்புறம் பங்கு’ன்னு நீங்க மனசுல நினைச்சிருந்தா, மத்த மூணு பேருக்கும் பூஜ்யம். ஒரே பாட்டு, ஒரே வருமானம். ஆனா நீங்க ஏமாத்திட்டதா அவங்க நினைப்பாங்க, அவங்க ஏமாத்திட்டதா நீங்க நினைப்பீங்க. அதனால செலவு முதல்ல கழியுமா, எதெல்லாம் செலவு (உங்க பைக் பெட்ரோலும் சேர்த்தா?), யூடியூப் சேனலோட பாஸ்வேர்டு யார்கிட்ட, பிரிஞ்சா பேர் யாருக்குன்னு ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே எழுதிடுங்க.

யூடியூப்ல ‘ஃப்ரீ பீட்’னு கிடைக்கிறதை எடுக்கிறவங்க அதோட லைசென்ஸைப் படிங்க. நிறைய பீட் காசு சம்பாதிக்காத வரைக்கும்தான் ஃப்ரீ. இளையராஜா பாட்டுல இருந்து நாலு செகண்ட் வெட்டி ஒட்டுறதுக்கும் அனுமதி வேணும். மெட்டுக்குத் தனியா, ஒலிப்பதிவுக்குத் தனியா. ‘7 செகண்ட் வரைக்கும் ஓகே’ங்கிறது கட்டுக்கதை, சட்டத்துல அப்படி எதுவும் இல்லை.

என்எல்சி-ல வேலை பார்க்கிறவங்க இதைக் கவனமாப் படிங்க. பொதுத்துறை நிறுவனங்களோட நடத்தை விதிகள்ல, வெளியில தொழில் பண்ண முன் அனுமதி வாங்கணும்ங்கிறது பொதுவான விதி. ‘வீட்டுக்காரி பேர்ல போட்டுக்கலாம் சார்’னு சொல்றவங்களுக்கும் ஒரு செய்தி: குடும்பத்துல யாராவது தொழில் பண்ணா அதையும் தெரிவிக்கணும்னு மாதிரி விதிகள்ல இருக்கு. குவார்ட்டர்ஸ் முகவரியை லேபிள் முகவரியாப் போடுறதுக்கு முன்னாடியும் கேட்டுக்குங்க. வீடு கம்பெனியோடது. சென்னை, பெங்களூர்ல ஐடி வேலையில இருக்கிற நெய்வேலிப் பசங்க ஆஃபர் லெட்டரை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. 2022-ல விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததா 300 பேரை நீக்கினது ஞாபகம் இருக்கும். பாட்டு எழுதுறது அந்த மாதிரி விஷயம் இல்லைதான். ஆனா நீங்க உருவாக்குறது எல்லாம் கம்பெனிக்குன்னு சில ஒப்பந்தங்கள்ல ஒரு வரி இருக்கும்.

பதிவு விஷயம் சுலபம். தனி ஆளா நடத்தினா உத்யம் பதிவு போதும், இலவசம். கூட்டா நடத்தினா பார்ட்னர்ஷிப்பைப் பதிவு பண்ணுங்க. பதிவில்லாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை வெச்சு வெளியாள் மேல வழக்குப் போட முடியாது. பேரை டிரேட்மார்க் பண்ண, தனிநபருக்கு ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். காப்பிரைட் பதிவு கட்டாயமில்லை. வேணும்னா வரிக்கோ மெட்டுக்கோ 500, ஒலிப்பதிவுக்கு 2,000. பின்னாடி யாராவது திருடினா, நீங்க குடியிருக்கிற இடத்துலயே, அதாவது கடலூர் மாவட்ட நீதிமன்றத்துலயே, வழக்குப் போடலாம்.

பிளஸ் டூ பையன் பிரமாதமா ராப் பண்றானா? 18 வயசு ஆகாதவங்க போட்ட கையெழுத்து செல்லாது. அப்பா அம்மாவையும் உட்கார வெச்சுப் பேசி, அவங்க கையெழுத்தை வாங்குங்க. லேபிள்ல இருந்து வருமானம் வந்த வருஷம், வழக்கம் போல ஐடிஆர்-1 போட்டுட்டு வந்துடாதீங்க. தொழில் வருமானத்துக்கு ஐடிஆர்-3, இல்லைன்னா தகுதி இருந்தா ஐடிஆர்-4.